பாத்தியில் இட்டது கிணற்றில் வரும்

வலிகாமத்து மக்களுக்கு,

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை நிலத்துக்குள் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தேங்குகிறது. குடிப்பதும் அந்த நீர்தான், தோட்டத்துக்கு இறைப்பதும் அதுதான். கோண்டாவில், உரும்பிராய்ச் செம்பாட்டு மண்ணில் ஒரு வெங்காயப் பாத்தியைக் கவனியுங்கள். தூவிய யூரியா மணிகள் கண்முன்னே கரைகின்றன. வாய்க்காலால் வந்த தண்ணீர் சற்று நின்று, பிறகு மண்ணுக்குள் மறைகிறது. யூரியா நைத்திரேற்றாக மாறிய பின் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை; வேர் எடுத்தது போக மிச்சம் தண்ணீரோடு கீழே போகிறது. 1980களிலிருந்து நடந்த ஆய்வுகள், இங்குள்ள பல கிணறுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமை நைத்திரேற்று தாண்டியிருப்பதைக் காட்டியுள்ளன. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தால் நீர் வற்றி அதன் செறிவு கூடுமே தவிரக் குறையாது. அந்த நீரில் கரைத்த புட்டிப்பால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமப்பதையே தடுக்கக்கூடும். உடல் நீலம் பாரிக்கும்.

பசளையைக் குறைத்தால் விளைச்சல் விழும், கடனை யார் அடைப்பது என்று கமக்காரர் கேட்பது நியாயம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து நாடு பட்ட பாடு யாருக்கும் மறக்கவில்லை. பசளையைக் கைவிடும்படி நாங்கள் கேட்கவில்லை. கணக்குப் பார்த்து இடும்படி கேட்கிறோம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள நீரைப் பத்து லட்சம் லீற்றர் இறைத்தால், அதனோடு சுமார் 11 கிலோ நைதரசன் தோட்டத்துக்கு வருகிறது. 50 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 23 கிலோ. ஏறக்குறைய அரை மூட்டைப் பசளை கிணற்றிலேயே இருக்க, அதையும் காசு கொடுத்து வாங்குகிறோம். கிணற்று நைத்திரேற்றுக்கு மலசலகூடக் குழிகள்தான் காரணம் என்பாரும் உண்டு. குழிகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் அதைச் சொல்லித் தோட்டம் தன் பங்கிலிருந்து தப்ப முடியாது. இரண்டும் ஒரே நீரில்தான் கலக்கின்றன.

ஆகவே அடுத்த போகத்துக்கு முன் உங்கள் கிணற்று நீரைப் பரிசோதியுங்கள். நீரோடு வரும் நைதரசனைக் கழித்துக்கொண்டு, பசளையைச் சிறுகச் சிறுகப் பிரித்து இடுங்கள். மழை வரும் நாளிலும் பெரும் இறைப்புக்கு முன்னும் இட வேண்டாம். குழி கட்டுவோர் கிணற்றை விட்டுத் தள்ளி, கசியாமல் கட்டுங்கள். பரிசோதிக்காத நீரில் குழந்தைக்குப் பால் கரைக்காதீர்கள். வேலி காணியைப் பிரிக்கும்; நிலத்தடி நீரைப் பிரிக்காது.

இப்படிக்கு,
வலிகாமத்துக் கமக்காரரும் ஆசிரியர்களும்