புல்லைத் தின்னும் புழு, மருந்தைச் சுமக்கும் முதுகு

எங்கள் ஜித்ராவில் நெல் வயல்களும் உண்டு, கோல்ஃப் திடலும் உண்டு. இரண்டுக்கும் பொது எதிரி ஒன்று இருக்கிறது: படைப்புழு. மலாய் விவசாயிகள் அதை ‘ஊலாட் ராத்துஸ்’ என்பார்கள். பகலில் புல்லடியில் ஒளிந்திருக்கும். இருட்டியதும் கூட்டமாக மேயும்.

புழு ஒன்றானாலும் நட்டம் ஒன்றல்ல. வயலில் அது தின்பது நம் சோறு. திடலிலோ பச்சை நிறம் போகிறது. வேர் பிழைத்திருந்தால் புல் மறுபடியும் தழைத்துவிடும். குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ பகுதியில் சிறு சேதமும் ஆட்டத்தைக் கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால், திடலில் அது மிகச் சிறிய பங்கு. அதற்காகத் திடல் முழுக்க முன்கூட்டியே மருந்து அடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

குளோர்பைரிஃபோஸ் கதையைப் பாருங்கள். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் பூச்சிக்கொல்லி அது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா, குழந்தைகளின் நலன் கருதி வீட்டுப் புல்வெளிகளில் அதை நிறுத்த முடிவெடுத்தது. கோல்ஃப் திடல்களுக்கு மட்டும் அளவைக் குறைத்து அனுமதித்தது! மலேசியாவில் பயிர்களுக்கு அதைப் பயன்படுத்த 2023 மே 1 முதல் தடை.

ஆட்டக்காரர் சில மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவார். முதுகில் பம்பைச் சுமப்பவர்தான் நாள் முழுக்க அந்தக் காற்றைச் சுவாசிக்கிறார். நம் தோட்டப்புறங்களில் மருந்து அடித்த பெண்களின் உடல்நலக் கேடுகளைத் தெனாகனித்தா அமைப்பு 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு முழுத் தடை வந்ததோ 2020இல்தான். என் பாட்டியும் தோட்டத்தில் மருந்து அடித்தவர். கையுறை என்ற ஒன்றை அந்தக் காலத்தில் கண்டதே இல்லை என்பார்.

மாற்று வழி ஒன்றும் பெரிய வித்தையல்ல. இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பை நான்கு லிட்டர் தண்ணீரில் கலந்து, ஒரு சதுர மீட்டர் புல்லில் ஊற்றினால் போதும். சில நிமிடங்களில் புழுக்கள் நெளிந்து மேலே வரும். எண்ணிப் பார்த்து, அதிகமாக உள்ள இடத்தில் மட்டும் பி.டி. என்ற நுண்ணுயிர் மருந்தைத் தெளிக்கலாம். ஆனால் அது இளம் புழுக்களிடம்தான் நன்றாக வேலை செய்யும். ஆகவே, அடிக்கடி புல்லைச் சோதிக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். கூடுதல் சம்பளம் யார் கொடுப்பது என்று நிர்வாகங்கள் கேட்கலாம். ஆட்டக் கட்டணத்தில் சில வெள்ளியைச் சேர்த்துக்கொள்ளட்டும்.