பட்டியல் நியமிக்கும் டீன்கள்

அமெரிக்க வணிகப் பள்ளிகளில் டீன் பதவியைத் தருவதும் பறிப்பதும் பல்கலைக்கழகமே என்று சட்டம் சொல்லும். நடைமுறையில் அந்த அதிகாரத்தில் பெரும்பங்கைப் பத்திரிகைகளிடம் தாரை வார்த்துவிட்டார்கள். ஃபீ, ஹேட்லாக், பியர்ஸ் என்னும் மூவர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: ‘யு.எஸ். நியூஸ்’ தரவரிசையில் பள்ளி சரிந்தால், அதன் டீன் பதவியிழக்கும் வாய்ப்பு கூடுகிறது.

சரிவு ஒரு சாக்கு மட்டுமே, வேண்டாதவரை அனுப்ப வேறு காரணங்கள் இருந்திருக்கும் என்று சிலர் வாதிடக்கூடும். இருக்கட்டும். சாக்காகப் பயன்படுமளவுக்கு அந்த எண்ணுக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது?

நல்ல ஆசிரியரைத் தேடி அமர்த்தி, அவரது ஆய்வு கனிந்து, அவரிடம் பயின்றவர்கள் தொழிலில் நிலைபெறப் பத்தாண்டுகளாவது வேண்டும். ‘யு.எஸ். நியூஸ்’ பட்டியலோ ஆண்டுதோறும் வருகிறது. அடுத்த பட்டியல்வரைதான் நாற்காலி என்று அஞ்சுபவர் மரம் நடமாட்டார். பூந்தொட்டி வாங்கி வாசலில் வைப்பார்.

தொட்டியும் கிடைக்காதபோது காகிதப்பூ வரும். ஃபிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ் வணிகப் பள்ளியின் இணையவழி எம்.பி.ஏ., 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு முறை ‘யு.எஸ். நியூஸ்’ பட்டியலில் முதலிடம் பெற்றது. சேர்ந்த மாணவர் அனைவரும் ஜிமேட் மதிப்பெண் அளித்ததாகப் பள்ளி எழுதிக்கொடுத்தது. உண்மையில் அளித்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கினரே. அந்த ஆண்டுகளில் மாணவர் சேர்க்கை இரு மடங்குக்கு மேல் பெருகியது. கட்டணம் செலுத்தியவர்கள் நம்பி வாங்கியது அந்தப் பொய்யைத்தான்.

டீன் மோஷே போராட் 2018இல் நீக்கப்பட்டார். 2021இல் மோசடிக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2022இல் 14 மாதச் சிறைத்தண்டனையும் 250,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

அவர் 1996 முதல் 22 ஆண்டுகள் பதவியில் இருந்தாரே, நிலையாமை பற்றிய வாதம் இங்கே பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும். சரிவுக்குத் தண்டனை உண்டென்றால் உயர்வுக்குக் காவலும் உண்டு. தரவுகளைச் சரிபார்த்துவந்த குழு அவர் காலத்தில் கலைக்கப்பட்டது. முதலிடம் வாங்கித் தருபவரிடம் கணக்குக் கேட்க யாருக்குத் துணிவு வரும்?

பட்டியல் இல்லாவிட்டால் பள்ளிகள் யாருக்குமே பதில் சொல்லமாட்டா என்பார்கள். பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கேள்வி கேட்கவேண்டியது பல்கலைக்கழகம். வகுப்பறைக்குச் செல்வதும் ஆய்வுகளைப் படிப்பதும் மாணவரிடம் பேசுவதும் கடினமான வேலை. ஒற்றை எண்ணைப் பார்ப்பது எளிது. அந்தச் சோம்பலுக்குப் பொறுப்புடைமை என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

செய்யவேண்டியவை இரண்டு. டீனை நியமிக்கும்போதும் நீக்கும்போதும் தரவரிசையை மேசையிலிருந்து அகற்றவேண்டும். பத்திரிகைக்கு எண்களை அனுப்புவோர் டீனுக்குக் கட்டுப்படாதவர்களாக இருக்கவேண்டும். இவ்விரண்டையும் செய்யாமல் டீன்களை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால், அடுத்த போராட்டையும் நாமே உருவாக்கிக்கொண்டிருக்கிறோம்.