தலைமன்னார்த் துறை திறக்கட்டும்

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பாலம் அமைப்பது பற்றிய பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுவதும், எழுந்த வேகத்திலேயே அடங்குவதும் வழக்கமாகிவிட்டது. 2002 ஆம் ஆண்டில் பிரதம மந்திரியாயிருந்த திரு. ரணில் விக்கிரமசிங்க அவ்வெண்ணத்தை முன்வைத்தார். 2015 டிசம்பரில் இந்தியப் போக்குவரத்து மந்திரி திரு. நிதின் கட்காரி 24,000 கோடி ரூபாய்ச் செலவில் பாலமும் சுரங்கப் பாதையும் அமைப்பது பற்றி டில்லிப் பாராளுமன்றத்தில் பேசினார். 2023 ஜூலையில் இரு நாடுகளும் வெளியிட்ட கூட்டறிக்கை, தரைவழித் தொடர்புக்குள்ள சாத்தியத்தை ஆராயப்போவதாகக் கூறிற்று. பாலம் மாத்திரம் இன்றுவரை காகிதத்தை விட்டு இறங்கிய பாடில்லை.

பாலம் வேண்டுமா, வேண்டாமா என்ற வாதத்துள் நாம் இன்று புகப்போவதில்லை. அதனிலும் சிறிய, அதனிலும் எளிய ஒரு விஷயத்தையே வாசகர் முன் வைக்க விரும்புகிறோம். ஒருவர் தமது மோட்டார் வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு அயல்நாடு சென்று மீள்வது உலகின் பல பாகங்களிலும் அன்றாட நிகழ்ச்சி. முப்பது கிலோமீட்டர் அளவான கடலையே எல்லையாகக் கொண்ட நமக்கு அது ஏன் கைகூடவில்லை? ஊவாவிலிருந்து பார்க்கும்போது இக்கேள்விக்கு வேறொரு கனமும் உண்டு. கொழும்பு - மட்டக்களப்புப் பெருவீதியிலிருந்து அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் ஏறும் வீதி பிரிகின்ற பெரகலச் சந்தியைச் சுற்றியுள்ள தோட்டங்களில், கடலுக்கு அப்பால் உறவினர் இல்லாத லயங்கள் அரிது.

முதலில் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். 1954 ஜூன் 4 ஆம் திகதி நியூயோர்க்கில் கைச்சாத்தான சர்வதேச உடன்படிக்கை ஒன்று, தனியார் மோட்டார் வண்டிகளைத் தற்காலிகமாக வேறொரு நாட்டுக்குள் கொண்டுசெல்வதற்கு வழிவகுத்தது. இலங்கையும் இந்தியாவும் அதில் சேர்ந்துள்ளன. அதன்படி வண்டிக்காரர் தமது நாட்டு மோட்டார்ச் சங்கத்திடம் 'கார்னே' எனப்படும் சுங்கப் பிணைப் புத்தகத்தைப் பெறவேண்டும். இங்கு அதை வழங்குவது 1904 இல் தொடங்கிய இலங்கை ஆட்டோமொபைல் சங்கம். வண்டி அந்நாட்டுக்குள் நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. குறித்த காலத்துள் வண்டி திரும்பாவிடின், அந்நாட்டுச் சுங்கம் தனது தீர்வையைச் சங்கத்திடம் அறவிடும். சங்கம் வண்டிக்காரர் வைத்த பிணைப் பணத்தில் கைவைக்கும். ஏற்பாடு நேர்மையானதே. கார்களுக்கு இலங்கை விதிக்கும் இறக்குமதித் தீர்வை எவ்வளவு என்பதை நாம் அறிவோம். 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களின் இறக்குமதியே இங்கு தடுக்கப்பட்டிருந்தது. சென்னையில் மலிவாக வாங்கிய வண்டி சுற்றுலா என்ற பெயரில் வந்து கொழும்பில் தங்கிவிடுமோ எனச் சுங்க அதிகாரி அஞ்சுவதில் வியப்பில்லை.

ஆகவே சட்டத்தில் வழி உண்டு. வீதி ஒழுங்கும் இடைஞ்சலாய் இல்லை. இரு நாட்டிலும் வண்டிகள் இடப்புறமே செல்கின்றன. சாரதி வலப்புறமே அமர்கிறார். இல்லாதது கப்பல் ஒன்றே.

அது என்றும் இல்லாதிருந்ததன்று. 1914 ஆம் ஆண்டு பெப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. சென்னையில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்பு கோட்டையில் வந்திறங்கலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்டது. இனக் கலவரமும் யுத்தமும் மூண்டதும், 1984 அளவில் அதுவும் நின்றது. இதில் ஒரு விநோதத்தை வாசகர் கவனிக்கவேண்டும். பாம்பனில் வீதிப் பாலம் திறக்கப்பட்டது 1988 ஒக்டோபரில். கப்பல் இருந்த எழுபது ஆண்டுகளும் ஒரு கார் தன் சொந்தச் சக்கரத்தில் இராமேஸ்வரத்தை அடைய வழியில்லை. வழி பிறந்தபோது கப்பல் இல்லை. அதன்பின் கரையிரண்டிலும் வேலைகள் நடந்தே வந்துள்ளன. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் மீண்டும் வந்தது. 2017 இல் தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை வீதி போடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலமும் திறக்கப்பட்டது. இக்கரையிலும் வீதி, அக்கரையிலும் வீதி. இடையிலுள்ள நீரைக் கடக்க மட்டும் எவருக்கும் மனம் வரவில்லை.

இடையிடையே முயற்சி நடக்கவில்லை என்று நாம் கூறவில்லை. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஒரு பெரிய கப்பல் ஓடிற்று. அவ்வாண்டு முடியுமுன்னரே அது நின்றது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய சேவை சில நாட்களில் ஓய்ந்து, 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பலுடன் மீண்டும் ஆரம்பமாயிற்று. வரவேற்கத்தக்கதே. ஆனால் அது பயணிகளுக்கும் அவர்தம் மூட்டைகளுக்குமான கப்பல். வண்டி ஏற்றும் கப்பலன்று.

"தோட்டத்துத் தமிழனுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில கனவான்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு, அது கசப்பான சம்பந்தம்.

இக்கடலை முதலிற் பெருந்தொகையாகக் கடந்தவர் எமது மக்களின் முன்னோரே. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மலைநாடு வரை நடந்தனர். வழியில் மாண்டவர்க்குக் கணக்கில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தொழிலாளி கடல் கடந்தான். வழிச்செலவு அந்த இலக்கத்தின் பேரில் தோட்டத்துக் கணக்கில் எழுதப்பட்டது. இன்று வண்டிக்கு இலக்கத் தகடு மாட்டுகிறோம். அன்று அதை மனிதனுக்கு மாட்டினர்.

பின்னர் 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் திரு. லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 975,000 பேரைப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். அவர்களுள் எவரையும் எவரும் கேட்கவில்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் புறப்பட்ட வண்டிகளை மலைநாட்டார் 'அழுகைக் கோச்சி' என்றனர். தலைமன்னாரில் இறங்கிக் கப்பலேறி மண்டபம் முகாமை அடைந்தவர்களிற் பலர், தாயகம் திரும்பியோருக்கெனத் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் அமைத்த தேயிலைத் தோட்டங்களுக்கே மறுபடியும் கொழுந்து கிள்ளச் சென்றனர். அண்ணன் கூடலூரில், தங்கை அப்புத்தளையில் என்று குடும்பங்கள் பிளந்தன. கப்பல் நின்றபோது இந்தியக் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு லயங்களிற் காத்திருந்தவர் பல்லாயிரவர். நாடற்றவராய் எஞ்சியோருக்கு இந்நாட்டுப் பிரஜாவுரிமையை வழங்கிய சட்டம் 2003 இற்றான் வந்தது.

வாசகர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒரு மோட்டார் வண்டி கடல் கடக்க வேண்டுமெனின், அது திரும்பி வரவேண்டும் என்பதற்காக இரு அரசாங்கங்களும் ஒரு சர்வதேச உடன்படிக்கையும் பிணைப் பணமும் முத்திரைகளும் ஏற்படுத்தியிருக்கின்றன. ஐந்து இலட்சம் மனிதரை அனுப்ப முடிவு செய்தபோதோ, திரும்பி வருவதற்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லை. தலைமன்னார்த் துறையை மீண்டும் திறக்கும்படி நாம் கேட்பது உல்லாசப் பிரயாணத்துக்காக மாத்திரமன்று என்பதை இதனால் உணரலாம்.

இங்கே எமது வாசகருள் சொந்தக் கார் வைத்திருக்கும் வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நாளைக்கே வண்டி ஏற்றும் கப்பல் வந்தாலும், இப்போதுள்ள விதிகளின்படி அதனால் நன்மை பெறுவோர் அவர்கள் மட்டுமே. தோட்டத்துக் குடும்பம் கதிர்காமம் போவதானாலும் கண்டிக்குக் கலியாணத்துக்குப் போவதானாலும் வாடகைக்கு ஒரு வானை அமர்த்தி, பத்துப் பன்னிரண்டு பேராய்ப் பணத்தைப் பகிர்ந்துகொண்டு செல்வதே வழக்கம். 1954 இன் உடன்படிக்கையோ, கூலி பெற்று ஆட்களை ஏற்றும் வண்டியைத் தனியார் வண்டியாகக் கொள்வதில்லை. பெரகலையிலிருந்து ஒருநாள் ஓட்டத்தில் தலைமன்னாரை அடையும் அந்த வான், கப்பலின் வாயிலில் நின்றுவிடும். டாக்டரின் கார் உள்ளே போகும். இத்தகைய கதவு எமக்கு வேண்டாம். வாடகை வான்களும் சென்று மீள இரு நாடுகளும் தமக்குள் தனி ஏற்பாடு செய்தாக வேண்டும்.

அது இயலாத காரியமா? இந்தியா தனது வடக்கு எல்லையில் செய்திருப்பதைப் பார்க்கலாம். இந்தியர் ஒருவர் நேபாளத்துக்குத் தமது காரை ஓட்டிச் செல்ல கார்னே தேவையில்லை. எல்லைச் சுங்கச் சாவடியில் நாட்கணக்குக்குக் கட்டணம் செலுத்திச் சீட்டுப் பெற்றுச் செல்கிறார். பூட்டான், வங்காளதேசம், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் மோட்டார் வண்டிப் போக்குவரத்துக்கென 2015 ஜூனில் திம்புவில் ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டன. பூட்டான் அதனை உறுதிப்படுத்தவில்லை என்பது வேறு விஷயம். தெற்கே இலங்கையுடன் அப்படி ஒன்று இல்லை. கடல் தடையென்று கூறுவாராயின், டோவருக்கும் கலேக்கும் இடையிலுள்ள கடல் நமது கடலினும் அகலமானது. 1994 இல் சுரங்கப் பாதை திறக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அங்கு கார்களைக் கப்பல்கள் ஏற்றி இறக்கி வந்தன, இன்றும் ஏற்றுகின்றன. தமிழர் பெருந்தொகையாய் வாழும் சிங்கப்பூரும் ஜொகூரும் 1924 இல் திறக்கப்பட்ட ஒரு கிலோமீட்டர் அணையால் இணைந்துள்ளன. மலேசியாவில் பெற்றோல் மலிவு. ஆதலால், தொட்டியில் முக்காற்பங்கு பெற்றோல் இல்லாது சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்டலாகாது என்று அந்த அரசு விதி வைத்திருக்கிறது. தமது வருமானத்தைக் காத்துக்கொள்ள அவர்கள் ஒரு விதி செய்தார்களேயன்றி, வீதியை அடைக்கவில்லை.

இனி விவசாயிகளின் அச்சம். வெளிமடையிலும் பண்டாரவளையிலும் உருளைக்கிழங்கும் மரக்கறியும் பயிரிடுவோர், இந்தியாவுக்கு வழி திறந்தால் லொறி லொறியாகக் கிழங்கு வந்து குவியுமென்று அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை அலட்சியம் செய்வோருடன் நாம் சேரமாட்டோம். அறுவடை வேளையில் வெளிநாட்டுக் கிழங்கு சந்தைக்கு வந்தால் என்ன விலை கிடைக்குமென்பதை அவர்கள் பட்டறிந்தவர்கள். ஆனால் அந்தக் கிழங்கு வருவது கொழும்புத் துறைமுகத்தின் பெரும் பெட்டகங்களில். அதைத் தடுப்பதும் விடுவதும் இறக்குமதித் தீர்வையே அன்றி, தலைமன்னாரில் ஒரு கப்பல் இருப்பதும் இல்லாததும் அன்று. எனினும் ஐயம் நீங்கும்பொருட்டு, இத்துறை ஆட்களுக்கும் அவர்கள் ஏறிவரும் வண்டிகளுக்கும் மட்டுமே உரியது, சரக்கு லொறிக்கு அன்று என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். பாலம் பற்றிய பேச்சுடன் இதனைக் கலக்கலாகாது என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பாலம் சரக்கை எண்ணிப் போடப்படும் திட்டம். அதில் விவசாயியின் அச்சத்துக்கு நியாயம் அதிகம்.

கடற்படையினரும் மீனவரும் மோதும் கடலாயிற்றே என்பாரும் உளர். அது வேறு வழக்கு; வேறிடத்தில் தீரவேண்டியது. காங்கேசன்துறைக் கப்பல் அதே கடலிற்றான் செல்கிறது.

ஆகவே நாம் கோருவது இதுவே. பாலம் வருமட்டும் காத்திராது, தலைமன்னாரின் பழைய இறங்குதுறையைச் செப்பனிட்டு, இராமேஸ்வரத்துக்கு வண்டி ஏற்றும் சிறு கப்பலொன்றை இரு அரசுகளும் சேர்ந்து விடவேண்டும். கார்னேப் பிணைக்குப் பதிலாக, குறுகிய காலம் தங்குவோருக்கு எல்லையிலேயே கட்டணச் சீட்டு வழங்கவேண்டும். அச்சீட்டு வாடகை வானுக்கும் கிடைக்கவேண்டும். 1964 இன் உடன்படிக்கையாற் பிரிக்கப்பட்ட குடும்பத்தினருக்கு விசாக் கட்டணத்தை இரு நாடுகளும் நீக்கவேண்டும். நாட்கூலியில் வாழ்வோருக்கு அதுவே முதற் சுவர். ஊவாவிலிருந்து பாராளுமன்றம் சென்றுள்ள தமிழ்ப் பிரதிநிதிகள் கட்சி பேதமின்றி இதனைச் சபையில் எழுப்பி, இறங்குதுறை வேலைக்கென அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தொகை ஒதுக்கப்படுமா என்று போக்குவரத்து மந்திரியிடம் நேரிற் கேட்கவேண்டும். அவர் கூறும் பதிலை இப்பத்திரிகையில் வெளியிடக் காத்திருக்கிறோம்.