தார்ப்பாய்க்குக் கீழே ஒரு துரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காரை வாங்காதீர்கள்.

எந்தக் கார் என்று கேட்பீர்கள். உங்களுக்கே தெரியும். ஊட்டிக்கு வந்தோமா, பொட்டானிக்கல் கார்டனைப் பார்த்தோமா, வர்க்கியும் சாக்லேட்டும் வாங்கினோமா என்று இறங்கிப் போகாமல், யாரோ சொன்னார்கள் என்று காந்தலுக்குப் போய், முக்கோணம் தாண்டி ஒரு சந்தில் தகரக் கொட்டகை முன்னால் நின்று, "தார்ப்பாயைக் கொஞ்சம் தூக்குங்க பாய்" என்றீர்களே, அந்தக் கார். நீளமான மூக்கு. வளைந்து இறங்கும் மட்கார்டு. சைக்கிள் மாதிரி கம்பி போட்ட சக்கரம். ரேடியேட்டருக்கு மேலே எட்டு மூலைக் கட்டத்துக்குள் எம்.ஜி. என்ற இரண்டு எழுத்து. சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. அப்படியே விழுந்துவிட்டீர்கள்.

போன மாதம் என் நண்பர் ஒருவர் இப்படித்தான் விழுந்தார். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. கை நிறைய சம்பளம், மனசு நிறைய அலுப்பு. என்னையும் சாட்சிக்கு அழைத்துப் போனார்.

"எம்.ஜி. டி.சி. சார். உலகத்துக்கே மொத்தம் பத்தாயிரம்தான் செஞ்சாங்க" என்று காதோடு சொன்னார். பாய்க்குக் கேட்டால் விலை ஏறிவிடுமாம். பாய்க்கு அது முப்பது வருஷமாகத் தெரியும்.

சொன்னது உண்மைதான். உலகப் போர் முடிந்த கையோடு 1945-ல் ஆரம்பித்து 1949 வரை இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் செய்த கார். 1250 சி.சி. இன்ஜின், 54 குதிரைசக்தி. இன்று உங்கள் தெருவில் பால் வாங்கப் போகிற சின்ன மாருதிக்கு ஏறக்குறைய அதே பலம். இந்தக் காரில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பீடாமீட்டர் டிரைவருக்கு எதிரே இருக்காது, பக்கத்து சீட்டுக்கு எதிரே இருக்கும். டிரைவருக்கு எதிரே இருப்பது இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர். வேகத்தைப் பார்த்துப் பயப்படுகிற வேலையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அழகான கார்தான். இல்லை என்று யார் சொன்னது? என் சண்டை காரோடு இல்லை. "ரெஸ்டோரேஷன் பிராஜெக்ட்" என்ற உங்கள் வார்த்தையோடு.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். தகடுதானே, வெல்டிங் வைத்தால் ஆச்சு என்று நினைக்கிறீர்கள். தகட்டுக்கு உள்ளே இருப்பது மரம். இந்தக் காரின் பாடி, ஆஷ் என்ற சீமை மரச்சட்டத்தின் மேல் தகட்டை அறைந்து செய்தது. நீலகிரி மூடுபனியும் ஆடி மாசத்து மழையும் வருஷக்கணக்காக ஊறிய சட்டம் எப்படி இருக்கும்? நண்பர் கதவைத் திறந்தார். கதவு கையோடு வந்தது. சட்டத்தில் விரலை வைத்து அழுத்தினேன், ஊறின ரஸ்க் மாதிரி உள்ளே போயிற்று. ஆஷுக்குப் பதில் தேக்கு போடலாம் என்று எந்த ஆசாரியும் சொல்வார். போடலாம். ஆனால் சட்டம் ஒரு நூல் தப்பினால் கதவு சாத்தாது, பானெட் பொருந்தாது, அதற்கு மேல் அறைகிற தகடும் கோணும். இது கார் ரிப்பேர் இல்லை. தச்சு வேலை, தகட்டு வேலை, மெக்கானிக் வேலை மூன்றும் ஒருவர் காதை ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய வேலை.

இன்ஜினுக்கு வாருங்கள். மோரிஸ் கம்பெனி 1923-ல் கோவென்ட்ரியில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் தொழிற்சாலையை வாங்கியது. மெஷின்கள் எல்லாம் பிரெஞ்சு மெட்ரிக் மரை வெட்டுபவை. அவற்றை மாற்றச் செலவாகும். அதனால் மரையை மெட்ரிக்கிலேயே வைத்துக்கொண்டு, இங்கிலாந்து மெக்கானிக்கின் ஸ்பேனர் பொருந்த வேண்டுமே என்று போல்ட்டின் தலையை மட்டும் விட்வொர்த் என்ற இங்கிலீஷ் அளவில் செய்தார்கள். அந்த வழக்கம் அப்படியே தொடர்ந்து இந்த எம்.ஜி. இன்ஜின் வரை வந்துவிட்டது. உடம்பு பிரெஞ்சு, தலை இங்கிலீஷ். மரையிலும் ஒரு சூட்சுமம். கடையில் வாங்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1.25 மில்லிமீட்டர் இடைவெளி. இந்த இன்ஜினில் 1 மில்லிமீட்டர். ஹார்டுவேர் கடை போல்ட் இரண்டு சுற்று சமத்தாக உள்ளே போகும், பிறகு இறுகும். "துரு சார்" என்று சொல்லி ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஓங்கித் திருப்புவான் பையன். எழுபத்தைந்து வருஷம் பிழைத்திருந்த மரை அந்த நிமிஷத்தில் செத்துப்போகும்.

சாமான் கிடைக்காதா? தாராளமாகக் கிடைக்கும். இங்கிலாந்தில் இந்தக் காருக்கு இன்றைக்கும் புது ரப்பர், புது டயல், புது கார்புரேட்டர் ஊசி எல்லாம் செய்து விற்கிறார்கள். பவுண்டில் விலை, கப்பல் கூலி தனி, கஸ்டம்ஸ் தனி. நீங்கள் முகம் சுளிக்காமல் கட்டுவீர்கள். பில்லைப் பெருமையாக நண்பர்களிடம் காட்டவும் செய்வீர்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வெள்ளைக்காரன் கடையில் ஒரு பென்னி பேரம் பேசாத அதே வாய், காந்தல் டிங்கரிடம் வந்ததும் திறந்துகொள்கிறது. "ஒரு மட்கார்டுக்கு இவ்வளவா? மேட்டுப்பாளையத்துல பாதிக்கு முடிப்பான்." சுத்தியலும் டாலியும் வைத்து, பட்டி அப்பாமல், கண்ணை மூடித் தடவினால் ஒரு மேடு பள்ளம் தெரியாமல் தகட்டை வளைக்கிற கை அது. அந்தக் கைக்கு கேட்லாக் கிடையாது, விலைப்பட்டியல் கிடையாது. அதனால் நாம் வைத்ததுதான் விலை. டிங்கர் பிள்ளை டிங்கர் வேலைக்கு வரவில்லை, மஞ்சள் போர்டு டாக்சி ஓட்டுகிறான் என்று அப்புறம் வருத்தப்படுகிறோம். அவன் ஏன் வர வேண்டும்?

ரொம்ப யோக்கியன் மாதிரி பேசுகிறேன் இல்லையா? என் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். வருஷங்களுக்கு முன்னால் நானும் ஒரு சிநேகிதனும் குன்னூர் பக்கம் ஒரு மோரிஸ் மைனர் வாங்கினோம். எஸ்டேட் துரை விட்டுப்போனது என்றார்கள். (நீலகிரியில் பழைய கார் எல்லாமே எஸ்டேட் துரை விட்டுப்போனதுதான். துரைமார் எல்லாம் நடந்தே கப்பலுக்குப் போயிருக்க வேண்டும்.) இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முழுக் காரையும் கழற்றிவிட்டோம். என்ன ஆனந்தம் தெரியுமா! நட்டும் போல்ட்டும் ஹார்லிக்ஸ் பாட்டில்களில், ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டி. மூன்றாவது மாதம் பணம் தீர்ந்தது. நான்காவது மாதம் சிநேகிதனுக்குப் பெண் பார்த்தார்கள். ஈரத்தில் லேபிள்கள் உரிந்தன. ஒன்பது வருஷம் கழித்து எடைக்குப் போட்டோம்.

நாங்கள் வாங்காமல் இருந்திருந்தால்? ஒரு கொட்டகையில் துருப்பிடித்தாவது முழுசாக நின்றிருக்கும். நிஜமாகவே செய்யத் தெரிந்த யாராவது ஒருவர் வந்திருப்பார். கழற்றாத கார் துருப்பிடிக்கும், கழற்றிய கார் காணாமல் போகும். எங்கள் மட்கார்டைத் தட்டிக்கொடுத்த டிங்கருக்கு 1,800 ரூபாய் பாக்கி. கேட்கவே இல்லை அந்த மனுஷர். வெட்கம் தின்று ஒருநாள் எடுத்துக்கொண்டு போனேன். ஷெட் இருந்த இடத்தில் காட்டேஜ் கட்டியிருந்தார்கள். எங்கே போனார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

சரி, சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டி, சேஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் விண்டேஜ். பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. நம்பரில் வி.ஏ. என்று எழுத்து வரும். அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் என்று சிலவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். ஞாயிறு காலை சேரிங் கிராஸ் வரை போய் டீ குடித்துவிட்டு வருகிற கனவு அதில் அடங்காது. இன்னொரு சங்கதி. நம் ஊரில் பழைய கார்களில் பாதிக்கு எப்போதோ அசல் இன்ஜினை எடுத்துவிட்டு அம்பாசடர் இன்ஜினை வைத்திருப்பார்கள். அப்படியானால் விண்டேஜும் கிடையாது. காந்தலில் ஆர்.சி. புக் கேட்டபோது, "எலி தின்னுருச்சுங்க" என்றார் பாய். எலி எப்போதும் ஆர்.சி. புக்கைத்தான் தின்கிறது.

இன்னும் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் ஆசைப்படுவது காருக்கா, துரைக்கா?

ஏன் கேட்கிறேன் என்றால், சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஒரு தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்ட் மோட்டார். அங்கே 1961-லிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு செய்தார்கள். கோவென்ட்ரியின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது. மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர் வரைந்த உருவம். பானெட்டும் மட்கார்டும் மொத்தமாக முன்பக்கம் கவிழும், சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜினைப் பார்க்கலாம். இருபத்தைந்து அடி அகலத்தில் முழு வட்டம் அடிக்கும், மலைரோட்டுக்கு வரப்பிரசாதம். (வளைவில் வேகமாகப் போனால் பின் சக்கரம் காலை மடக்கும், அதையும் சொல்ல வேண்டும்.) இந்த ஹெரால்டின் சேஸைக் குறுக்கித்தான் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையே இங்கிலாந்தில் செய்தார்கள். சோழவரம் ரேஸில் ஹெரால்டுகள் ஓடிய காலம் உண்டு. நான்கு கதவு வைத்த ஹெரால்டு நம் சென்னையில் மட்டும்தான் பிறந்தது, இங்கிலாந்தில்கூடக் கிடையாது. அபூர்வம் என்றால் அதுவும்தானே அபூர்வம்? அதை நம் அப்பாக்கள் எடைக்குப் போட்டார்கள், நாம் "டாக்டரம்மா கார்" என்று சிரித்தோம். ஹெரால்டை உயிராக வைத்திருப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் கும்பிடு. ஆனால் காந்தலில் தார்ப்பாய்க்குக் கீழே ஹெரால்டு இருந்திருந்தால் பெங்களூர் நண்பர் சாட்சிக்கு ஆள் கூட்டி வந்திருக்க மாட்டார்.

"அப்போ எல்லாம் துருப்பிடிச்சு அழியட்டுங்கறீங்களா?" என்று அவரும் கேட்டார். நியாயமான கேள்வி. கோவையில் 2015-ல் ஜி.டி. கார் மியூசியம் திறந்தார்கள். சென்னையில் ஏ.வி.எம்.காரர்கள் 2023-ல் தங்கள் பழைய கார்களை மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள். பணமும் இடமும் ஆளும் இருப்பவர்கள் செய்கிறார்கள், செய்யட்டும். தன் கையில் ஆயில் படிய வேலை செய்து, கோடையில் ஊட்டி ஊர்வலத்துக்கு ஓட்டி வருகிறவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கும் ஆசையா? ஓடுகிற காரை வாங்குங்கள். விலை கூடத்தான். ஓடாததை வாங்கி ஓட வைக்கிற செலவைக் கணக்குப் பார்த்தால் அது கொள்ளை மலிவு.

நம் கண்ணெதிரே ஒரு பாடம் புகை விட்டுக்கொண்டு போகிறதே, மலை ரயில்! 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை வந்தது. பல்சக்கரத்தில் ஏறுகிற நீராவி இன்ஜின்களைச் செய்தது சுவிட்சர்லாந்து. இன்ஜின்கள் கிழடு தட்டியதும் என்ன செய்தோம்? திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம் ஆட்களே புதிதாக நீராவி இன்ஜின் செய்து அனுப்பினார்கள், அதுவும் 2010-க்குப் பிறகு! எப்படி முடிந்தது? அந்த ரயில் ஓடுகிறது. ஓடுவதால் தேய்கிறது. தேய்வதால் அதைச் செய்யத் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார், அவருக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறது. வருஷத்துக்கு ஒருநாள் துடைத்துக் காட்டுகிற காருக்கு அப்படி ஓர் ஆள் எங்கிருந்து வருவார்?

காந்தல் கொட்டகைக்கே திரும்புகிறேன். நண்பர் செல்போனில் ஹெட்லைட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பாயின் தங்கை மகன் ஒருவன் பக்கத்தில் நின்றான், இருபது வயசு இருக்கும். சீசனில் டாக்சி ஓட்டுவான், மற்ற நாளில் மாமாவோடு நிற்பான். யாரும் கேட்காமலேயே பானெட்டின் ஒரு பக்கத்தைத் திறந்தான். உள்ளே எஸ்.யு. கார்புரேட்டர் இரண்டு. ஒன்றின் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டு, காதைக் கிட்டே வைத்தான். "டக்" என்று சுத்தமாக விழுந்தது. இன்னொன்றைத் தூக்கினான். பாதியில் நின்றது.

"இது நல்லாருக்கு. இது உள்ள சிராய்ச்சிருக்கு, கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றான்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். மாமாவைக் காட்டினான்.

"இந்த சத்தத்தைக் கேக்கத் தெரிஞ்சவன் இங்க இவன் ஒருத்தன்தான் சார்" என்றார் பாய். "மாசச் சம்பளம் போட்டு ரெண்டு வருசத்துக்கு இவனை வெச்சுக்குவீங்களா? அதைச் சொல்லுங்க. காருக்கு வெலை அப்புறம் பேசிக்கலாம்."

நண்பர் தார்ப்பாயின் நுனியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு காரின் விலையைத்தான் மறுபடி கேட்டார்.