கட்டளைக்கும் உரை வேண்டும்

சூத்திரம் சுருங்கியது, உரை விரிந்தது. தொல்காப்பியம் ஒன்றேயாயினும் இளம்பூரணர் தொடங்கி அதற்கு உரை கண்டோர் பலர். கணிப்பொறிக் கட்டளைகளும் சூத்திரங்களே. அவற்றுக்கும் தாய்மொழியில் உரை வேண்டும் என்பது நம் கருத்து.

சான்றுக்கு 1990களின் ஜெர்மனியை நோக்குவோம். 1989இல் அங்கு அறிமுகமான ஐ.எஸ்.டி.என். தொலைபேசி இணைப்பு, ஒரே செப்புக் கம்பி இணையில் நொடிக்கு 64 கிலோபிட் செல்லும் தடங்கள் இரண்டையும், அழைப்பை ஏற்படுத்தும் குறிப்புகளுக்கென 16 கிலோபிட் தடம் ஒன்றையும் தந்தது. மோடத்தின் கீச்சொலி இல்லை; ஓரிரு நொடிகளில் இணையம் கிட்டிற்று. யூனிக்ஸைப் போன்றதாகிய லினக்ஸில் இவ்வசதியைப் பெற விழைந்தோர், அட்டையின் வகை, ஜெர்மனியின் பழைய நெறிமுறையா ஐரோப்பியப் பொது நெறிமுறையா என்பது, தம் எண், அழைக்கவேண்டிய எண் ஆகிய அனைத்தையும் வரிவரியாகத் தாமே எழுதி அமைத்தனர்.

இவ்வமைப்பில் கணினி, தேவை நேருங்கால் தானே அழைக்கும். வசதியும் அதுவே, இடரும் அதுவே! வீட்டார் உறங்கும் வேளையில் ஏதோ ஒரு நிரல் ஓர் இணையப் பெயரின் முகவரியைத் தேடும்; உடனே இணைப்புத் திறக்கும். அந்நாட்டில் உள்ளூர் அழைப்புக்கும் கால அளவின்படியே கட்டணம். 1996 முதல் ஓர் அலகுக்கு 12 ஃபெனிக். இரவெல்லாம் இணைப்பு திறந்து திறந்து மூடினால் மாத இறுதியில் வரும் கட்டணச்சீட்டு எத்தகையதாக இருந்திருக்கும்! எத்தனை நொடிகள் போக்குவரத்து இல்லையெனில் அழைப்பைத் துண்டிப்பது என்று குறிக்கும் 'ஹப் டைம்அவுட்' என்னும் ஒரு சிறு வரியே அவர்தம் பணப்பையைக் காத்தது.

அவ்வரியின் பயனை அவர்களுக்கு உணர்த்தியது யாது? பயன்படுத்துவோரின் ஐயங்களுக்கு விடைகளைத் தொகுத்த வினாவிடைக் குறிப்பேடு. அஃது ஆங்கிலத்தில் மட்டுமன்று, ஜெர்மன் மொழியிலும் இருந்தது. ஆங்கிலம் அறியாதோர்க்காக மட்டும் எழுதப்பட்டதன்று அது. தம் வீட்டுச் செலவு ஏன் ஏறிற்று என்பதைத் தம் மொழியிலேயே படித்தறிய அவர்கள் விரும்பினர்; அவ்வளவே.

மென்பொருள் விரைந்து மாறுவது, உரை வீணாகிவிடும் என்பார் உளர். அந்த ஐ.எஸ்.டி.என். மென்பொருள் 2019இல் லினக்ஸ் 5.3ஆம் பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது மெய்யே. ஆயின், நாம் கேளாதிருக்க இணைப்பு ஏன் திறந்தது என்ற வினா நீக்கப்படவில்லை. கைப்பேசியில் தரவு கரைந்துபோகும்போது நம் மாணவர் கேட்பதும் இதனையே.

தமிழில் கலைச்சொற்பட்டியல்களுக்குக் குறைவில்லை. 'துண்டிப்புக் கால வரம்பு' என்று பெயர் சூட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று அமைந்துவிடுகிறோம். அதனை 60 என வைத்தால் யாது நிகழும், 600 என வைத்தால் யாது நிகழும் என்று விளக்கும் பக்கங்களோ அரிது. கணிப்பொறித் துறை மாணவர் செய்து பார்த்து எழுதட்டும். தமிழ்த்துறை மாணவர் அதனைப் படித்துப் புரியாத இடங்களைச் சுட்டட்டும். முதலில், லினக்ஸ் கணினி ஒன்றை இணையத்தோடு இணைக்கும் முறை பற்றி நான்கு பக்கங்கள் போதும்.