மழை யாருக்கு மோசம்?

ரெண்டு வாரமா இங்கே எதுவும் எழுதல. மழை. கரண்டு வரும், போகும். டவர் சுத்தமா இல்லை. அதோட வீட்டுல ஆறு விருந்தாளிங்க. அந்த ஆறு பேரைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

என் அக்கா மகன் சென்னையில் ஐ.டி. கம்பெனியில இருக்கான். அவனும் கூட வேலை பார்க்குற அஞ்சு பேரும் மூணு மாசமா ஒரு திட்டம் போட்டிருந்தாங்க. போடி வரைக்கும் ரயில், குரங்கணி வரைக்கும் ஜீப், அங்கிருந்து முதுகுல பையை மாட்டிக்கிட்டு சென்ட்ரல் ஸ்டேஷன் வழியா டாப் ஸ்டேஷன் ஏறி அப்படியே மூணாறு. அனுமதி எல்லாம் முறையா வாங்கியாச்சு. எனக்கும் வாட்ஸப்புல ஒரு அட்டவணை வந்தது. 6.10-க்கு டீ, 6.30-க்குக் கிளம்பணும்னு நிமிஷக் கணக்கு. மழைன்னு அதுல ஒரு வார்த்தை இல்லை. நவம்பர் மாசம்ங்க! நம்ம மாநிலத்துக்கு வருஷத்துல கிடைக்கிற மழையில பாதிக்குப் பக்கம் இந்த வடகிழக்குப் பருவத்துலதான் கிடைக்குது.

வந்து இறங்கின ராத்திரியே பிடிச்சுக்கிச்சு. விடிஞ்சதும் பாதையை மூடியாச்சுன்னு தகவல். பசங்க முகத்தைப் பார்க்கணுமே. ஒருத்தன் வாசல்ல நின்னு, "ச்சே, இந்த மழை எல்லாத்தையும் கெடுத்துருச்சு"ன்னான். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் அப்போ திண்ணையில உட்கார்ந்து வெத்தலை மடிச்சுக்கிட்டு இருந்தார். மானாவாரியில மக்காச்சோளம் போட்டுட்டு இருபது நாளா வானத்தையே பார்த்துக்கிட்டு இருந்த மனுசன். அந்தப் பையனை ஏற இறங்கப் பார்த்தார். ஒண்ணும் சொல்லல. துண்டைத் தலையில போட்டுக்கிட்டு அந்த மழையிலேயே காட்டைப் பார்க்கக் கிளம்பிட்டார்.

நியாயமா ஒண்ணு சொல்லிடுறேன். எனக்கு அது நல்ல மழை இல்லை. ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம், இன்னும் பத்து நாள்ல பிடுங்க வேண்டியது. தண்ணி கட்டி அழுக ஆரம்பிச்சிருச்சு. அதனால "மழையைத் திட்டாதே தம்பி, அது தெய்வம்"னு வசனம் பேசுற யோக்கியதை எனக்கில்லை. நானும் திட்டினேன், நல்லாவே திட்டினேன். ஒரே மழை, வரப்புக்கு இந்தப் பக்கம் கேடு, அந்தப் பக்கம் வாழ்வு. நியூஸ்ல "மோசமான வானிலை"ன்னு வாசிக்கிறாங்களே, யாருக்கு மோசம்னு ஒரு தடவையாவது சொன்னா தேவலை.

மத்தியானம் லேசா வெறிச்சது. அங்கேதான் வினை. ரெண்டு பசங்க ஊருக்குள்ள போய் விசாரிச்சுட்டு வந்துட்டாங்க. செக்போஸ்ட் பக்கம் போகாம ஓடையைத் தாண்டி ஒரு மாட்டுப்பாதை இருக்காம், காசு குடுத்தா கூட்டிட்டுப் போக ஆளும் இருக்காம். "மழைதான் நின்னுருச்சே மாமா"ன்னான் மருமகன். முடியாதுன்னேன். "எங்களைச் சின்னப் பிள்ளைங்க மாதிரி நடத்துறீங்க, இந்த லீவு இனிமே கிடைக்குமா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டான். எனக்குச் சுருக்குன்னு இருந்தது. ஆனாலும் விடல.

மழை நின்னுருச்சான்னு நம்ம தலைக்கு மேல பார்த்து முடிவு பண்ணக் கூடாதுங்க. ஓடையை நிரப்புறது மேலே மலையில பெய்யுற மழை. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்துல குளிச்சுக்கிட்டு இருந்தவங்க மேல திடீர்னு காட்டாறு மாதிரி வெள்ளம் பாய்ஞ்சதை வீடியோவுல பார்த்திருப்பீங்க. 17 வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டான். தெளிஞ்சு ஓடுற தண்ணி செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே கல் உருளுற சத்தம் கேட்டாலோ, பையையும் போனையும் தேடாம மேட்டுக்கு ஓடணும். எங்க ஊர்ல ஆடு மேய்க்குற பொடியனுக்கு இது தெரியும். அட்டவணை போட்ட ஆறு பேருக்கும் தெரியாது. தப்புன்னு சொல்லல, அவங்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை.

இதே குரங்கணி மலையிலதான் 2018 மார்ச் 11-ல காட்டுத்தீ. மலையேறப் போனவங்க 20 பேருக்கு மேல இறந்து போனாங்க. அது காஞ்ச புல்லுக் காலம், இது ஓடை பெருகுற காலம். மலை மாறல, நாம போற நாள்தான் மாறுது. அன்னிக்கு மீட்கப் போனவங்கள்ல உள்ளூர்க்காரங்களும் உண்டு. மேலே ஒருத்தர் விழுந்தா, தூக்கிட்டு வர நாலு பேர் தன் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஏறணும். அந்த நாலு பேருக்கும் வீட்டுல பிள்ளைகுட்டி இருக்கு.

ஆனா அன்னிக்கு ஓடையில பெருசா ஒண்ணும் வரல. சாயங்காலம் போய்ப் பார்த்துட்டு வந்து, "பார்த்தீங்களா, போயிருக்கலாம்"னான் மருமகன். நான் பதில் சொல்லல. விடியக்காலை மூணு மணிக்கு வந்தது. சத்தத்துலேயே எல்லாரும் எழுந்துட்டோம். அந்த நேரத்துக்கு அவங்க ஓடைக்கு அந்தப் பக்கம் டெண்ட்டுக்குள்ள இருந்திருப்பாங்க, இறங்க வழியில்லாம.

மறுநாள் முழுக்க மழை. பொழுது போகணுமேன்னு டாப் ஸ்டேஷனுக்கு ஏன் அந்தப் பேருன்னு சொன்னேன். மூணாறுல இருந்து அங்கே வரைக்கும் வெள்ளைக்காரன் காலத்துல ரயில் ஓடிச்சு. தேயிலைப் பெட்டிங்க அங்கிருந்து கயித்துப் பாதையில கீழே கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு போடிக்கு வரும். 1924 ஜூலை வெள்ளத்துல அந்த ரயில் பாதை அடிச்சுட்டுப் போச்சு, அப்புறம் கட்டவே இல்லை. "ரயிலையே விடலையா?"ன்னு ஒருத்தன் சிரிச்சான். வந்ததுல இருந்து அவன் சிரிச்சு அப்பத்தான் பார்த்தேன்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது மழை விஷயத்துல இல்லை, காசு விஷயத்துல. ஜீப்காரருக்கும், மேலே சோறு ஆக்கித் தர்றதா இருந்த அம்மாவுக்கும் முன்பணம் குடுத்திருந்தாங்க. அதைத் திருப்பிக் கேக்கலாமான்னு பேச்சு. ரயில் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணா பிடித்தம் போகத்தான் மிச்சம் வரும், அதுக்கு யாரும் சண்டை போடுறதில்லை. அந்த அம்மா ரெண்டு சேவல் வாங்கிக் கட்டிப் போட்டிருக்கு. ஜீப்காரர் வேற சவாரியை விட்டுட்டு உங்களுக்காகக் காத்திருந்தார். மழை உங்களுக்கு மட்டுமா லீவைக் கெடுத்துச்சு? இதை நான் கேக்குறதுக்குள்ள, கூட வந்த பொண்ணு ஒண்ணு, "குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும்டா"ன்னு முடிச்சு வெச்சிருச்சு. நல்ல பிள்ளை.

மலைக்கு வர்றவங்களை வராதீங்கன்னு சொல்லல. வாங்க. வரும்போது ஒரு நாள் சும்மா இருக்குறதுக்குன்னு ஒதுக்கி வையுங்க. பாதையை மூடிட்டா வாட்சரோட மல்லுக்கு நிக்காதீங்க. முன்பணத்தை மறந்துடுங்க.

மூணாம் நாள் வெயில் எட்டிப் பார்த்தது. பாதை திறக்கல. ஆறு பேரும் என் வெங்காயத்துல இறங்கிட்டாங்க. பாதிக்கு மேல பிடுங்கி, அழுகினதைக் கழிச்சு, மிச்சத்தைக் கொட்டகையில பரப்பினோம். அஞ்சு கிலோ வெங்காயத்துக்குப் பையில இடம் வேணும்னு ஒருத்தன் டெண்ட்டை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டான். மாட்டுக்கொட்டகை ஒழுகுற இடத்துக்கு மேல கட்டி வெச்சிருக்கேன். தை மாசம் வந்து எடுத்துக்கிறானாம்.