இடுப்பு வலியும் கேட்கப்படாத கேள்வியும்

இடுப்பு வலி வராத மனிதர் அபூர்வம். பெரும்பாலும் அது சுளுக்காகவோ தேய்மானமாகவோ வந்து, சில வாரங்களில் தானே போய்விடும். வெகு அபூர்வமாகத்தான் முதுகெலும்பின் அடியில் வளரும் கட்டி அதற்குக் காரணமாகிறது. அபூர்வம் என்பதாலேயே அதைக் கண்டுபிடிக்கத் தாமதமும் ஆகிறது. இதற்குக் கருவிகளின் குறைவைக் காரணம் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குறை நம்முடைய கூச்சத்தில் இருக்கிறது.

தண்டுவடம் முதுகின் அடிவரை நீளுவதில்லை. பெரியவர்களுக்கு அது முதலாவது அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் கற்றையாகத் தொங்குகின்றன. குதிரை வால் என்றே வைத்திய நூல்கள் அதற்குப் பெயரிட்டிருக்கின்றன. காலின் பலம், தொடை இடுக்கின் உணர்ச்சி, மல ஜலம் கழிக்கும் கட்டுப்பாடு எல்லாம் இந்த வாலின் கையில்தான். (வாலுக்கு ஏது கை என்று வாசகர்கள் சண்டைக்கு வர வேண்டாம்!)

படுத்தால் அதிகமாகி, இரவில் எழுப்பி உட்கார வைக்கும் வலியைச் சந்தேகிக்க வேண்டும். ஆசனப் பகுதி மரத்துப்போவதும், சிறுநீர் இறங்காமல் நிற்பதும் அதைவிடப் பெரிய எச்சரிக்கை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனால் காலில் வலி என்று சொல்லும் நம்மவர், ஜலம் பிரியவில்லை என்று வாய் திறப்பாரா? பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவர்கள் சொல்லாவிட்டாலும் டாக்டர் கேட்டாக வேண்டும்.

1887-ல், எக்ஸ்-ரே என்ற பேச்சே இல்லாத காலத்தில், லண்டனில் கவர்ஸ் என்ற நிபுணர் ஒரு நோயாளியின் உடலில் உணர்ச்சி எந்த மட்டத்தோடு நிற்கிறது என்று பார்த்தே தண்டுவடத்தில் கட்டி இருப்பதாகத் தீர்மானித்தார். பலரிடம் காட்டியும் பலன் காணாத நோயாளி அவர். விக்டர் ஹார்ஸ்லி சஸ்திர சிகிச்சை செய்தார். திறந்த இடத்தில் கட்டியைக் காணோம். இன்னும் சற்று மேலே திறந்ததும் அகப்பட்டது. நோயாளி மறுபடி நடந்தார். அது மேல் முதுகுக் கட்டி என்றாலும், பரிசோதிக்கும் முறை கீழ் முதுகுக்கும் அதுவே.

இன்று எம்.ஆர்.ஐ. படம் இருக்கிறது. கட்டியைக் காட்டுவதில் அதற்கு நிகரில்லை. எக்ஸ்-ரேயிலோ, எலும்பில் மூன்றிலொரு பங்கோ பாதியோ கரைந்த பிறகுதான் தெரியும். ஆகவே "படம் சுத்தமாயிருக்கிறது" என்பது ஆறுதலாகாது. ஸ்கானிலும் ஒரு சங்கடம் உண்டு. வழக்கமான இடுப்புப் படத்தில் திருவெலும்பின் கீழ்ப்பாகம் விடுபட்டுப் போகலாம். அங்கே வரும் 'கார்டோமா' என்னும் கட்டி வெகு மெதுவாக வளர்வது. ஆசன வாய் வழியே உறையிட்ட விரலால் சோதித்தாலே அநேகமாகக் கைக்குத் தட்டுப்படும். ஒரு நிமிஷ வேலை. நோயாளியும் கூச்சப்படுகிறார், டாக்டரும் விட்டுவிடுகிறார்!

கட்டி என்று தெரிந்தபின் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். இதிலும் அவசரம் ஆகாது. திருவெலும்புக் கட்டியானால் ஆசனக் குடல் வழியாக ஊசி போடவே கூடாது. முதுகுப்புறமாகத்தான் போட வேண்டும். ஊசி போகும் தடத்தில் வியாதி பரவக்கூடும் என்பதால், பின்னால் கட்டியோடு அந்தத் தடத்தையும் வெட்டியெடுக்கப் போகும் சர்ஜனே ஊசி போடும் இடத்தைக் குறித்துக் கொடுப்பது உத்தமம்.